கவுண்டரில் உரக்கச் சொன்னது

எங்கள் ஊரான போர்ட் பிளேர் வங்கியில் பணம் எடுப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் ஏன் இவ்வளவு எரிச்சலோடு எழுதுகிறேன் என்பது புரியாது.

வரிசையில் நிற்க வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா கல்கத்தாவிலிருந்து வந்தவர். வங்காளமும் இந்தியும் தெரியும், கொஞ்சம் இங்கிலீஷும். இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி, இன்னும் என்னென்னவோ. எல்லோருக்கும் கடைத்தெரு இந்தி வரும். மீன் விற்க, பஸ் ஏற, சண்டை போட அது போதும். ஆனால் 'தவணை முடியுமுன் எடுத்தால் வட்டி குறையும், சம்மதமா, ஏன் எடுக்கிறீர்கள்' என்று குமாஸ்தா கேட்கும்போது கடைத்தெரு இந்தி கையை விரித்துவிடும். உடனே குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வரிசையை நோட்டம் விடுவார். "தமிள் கோயி ஹை?" என்பார். தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா?

உண்டு. எப்போதும் உண்டு. இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் நின்ற இடத்திலிருந்தே, முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாக மொழிபெயர்ப்பார். மின்விசிறி போடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. "ஜோர் ஸே போலோ" என்பார் குமாஸ்தா. உரக்கச் சொல்லு. அவரும் உரக்கச் சொல்வார். யார் எவ்வளவு சேர்த்திருக்கிறார், எதற்காக எடுக்கிறார், யாரை வாரிசாகப் போட்டிருக்கிறார், யாரைப் போடவில்லை, எல்லாம் இப்படித்தான் கம்பியைத் தாண்டிப் போகும். போன வேகத்திலேயே வாசலையும் தாண்டும். அடுத்த படகில் அக்கரை பாம்பூபிளாட்டுக்கும் போய்ச் சேரும்.

இதில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை என்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மொழிபெயர்ப்பவர் உபகாரம் செய்வதாக நினைத்தார். கேட்பவர் நன்றி சொன்னார். குமாஸ்தா வேலை முடிந்தது என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் ஒருத்திதான் வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் சட்டம் படித்த காலத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் கொலை வழக்குகளைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு வங்கிச் சட்டம்தான் பிடித்தது. சிரிப்பார்கள். இந்த ஊரின் ஷாதிபூரில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளில் வளர்ந்தவளுக்குத்தான் அது புரியும். எங்கள் வீட்டில் என்ன குழம்பு, அப்பாவுக்கு ஆபீசில் யார் மேல் கோபம், எனக்கு எந்தப் பரீட்சையில் எவ்வளவு மார்க், இதெல்லாம் அடுத்த வீட்டுக்குத் தெரிந்த பிறகுதான் சில சமயம் எங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து போனவள், 'ஒரு மனிதரைப் பற்றி உனக்குத் தெரிந்ததை நீ வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று ஒரு சட்டம் இருப்பதைப் படித்தால் எப்படி இருக்கும். வங்கிகள் சர்க்கார் கைக்கு மாறியபோது அதைச் சட்டத்திலேயே எழுதியும் வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளரைப் பற்றிய எதையும் வங்கி வெளியிடக் கூடாது. சட்டமோ, வங்கித் தொழிலின் வழக்கமோ இடம் கொடுத்தாலொழிய. அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறி வந்தேன்.

வந்து வீட்டு முன்னறையில் போர்டு மாட்டினேன். வந்த வழக்குகள் எல்லாம் வேலி, பட்டா, அடுத்தவர் மாடு என் வாழைத்தோட்டத்தில் மேய்ந்தது. எனக்கு வேண்டியது வங்கிச் சட்டம், ஊருக்கு வேண்டியது மாட்டுச் சட்டம். மழை தொடங்கியதும் என் புத்தகத்தில் பூஞ்சை பிடித்தது. அப்பா அதைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, "பேங்க்ல ரகசியமா, அதுவும் இந்த ஊர்லயா? முதல்ல நம்ம வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லு" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அக்கா வந்தார்.

நல்ல மழை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசலிலேயே நின்று போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. கூடையை மதிலோரமாக வைத்திருந்தார். கருவாட்டு வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"நீங்கதான் பேங்கு வக்கீலா, பிள்ள?"

யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஈரச் சேலையோடு உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னார்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கல்யாணமான கையோடு இங்கே வந்தவர். வண்டூருக்குப் போய் மீன் வாங்கி, அங்கேயே காயப்போட்டு, கருவாடாக்கி, பஸ்ஸில் ஏற்றி வந்து போர்ட் பிளேரில் விற்பார். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்ததைத் தன் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்தார். கணவர் சாத்தம் மரமில்லில் வேலை. மூத்த பெண்ணுக்கு மெட்ராஸில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. வருகிற கப்பலில் போய்ப் பணம் கட்டிச் சேர்ந்தால் உண்டு. அதற்கு அடுத்த கப்பல் என்றால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். டிக்கெட் எடுத்தாயிற்று. பணம்தான் வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அன்னைக்கே வள்ளமாயிரும். அவியளும் அவிய அண்ணனும் சொந்தமா ஒரு வள்ளம் வாங்கணும்னு எனக்குத் தாலி கட்டுன நாள்ல இருந்து சொல்லுதாவ. மில்லுல மரம் அறுக்கதோட சரி. கனவுல மட்டும் கடலுக்குப் போவாவ."

"சரி, பேங்கில் என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். தவணை முடியாத டெபாசிட்டை எடுக்க வேண்டும் என்று போயிருக்கிறார். குமாஸ்தா ஏன் என்று கேட்டிருக்கிறார். பதிலுக்கு இந்தி போதவில்லை. "தமிள் கோயி ஹை?" வரிசையில் பின்னால் நின்றவர் மரக் கான்டிராக்டர். மதுரைப் பக்கத்துக்காரர், தினமும் சாத்தம் மில்லுக்குப் போய்வருகிறவர், ஊரில் அவர் குரல் கேட்காத படகு ஜெட்டி கிடையாது.

"மவ படிப்புக்குன்னு சொல்லச் சொன்னேன். சொன்னாரு. அது சரி. புருசனுக்குத் தெரியப்பிடாதுன்னும் சொன்னாரு."

"அதை ஏன் அவரிடம் சொன்னீங்க, அக்கா?"

"பின்ன? மேனேஜர்ட்ட சொல்லணும்லா, வெளிய சொல்லாதீயன்னு."

ஆக, வெளியே சொல்ல வேண்டாம் என்பது வங்கி முழுக்கக் கேட்கும்படி சொல்லப்பட்டது. மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதுமுன் செய்தி மில்லுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தூக்கை வைத்தார். பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏசுனா நானும் ஏசிருவேன், பிள்ள. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்தா என்னத்தச் செய்ய?"

மறுபடி வங்கிக்குப் போனபோது குமாஸ்தா கையை ஆட்டியிருக்கிறார். "தும்ஹாரா ஆத்மி மனா கியா." உன் புருஷன் மறுத்துவிட்டான். மனா என்ற வார்த்தை தெரியாதவர்கள் இந்தத் தீவில் இல்லை. ஜெட்டியிலும் மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் போர்டு போர்டாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வர மனா, புகை பிடிக்க மனா, நிற்க மனா. எனவே அந்த அக்காவுக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"வீட்டுல பேசி முடிச்சிட்டு வான்னு அனுப்பிட்டான்" என்றார். பிறகு முதல்முறையாகக் குரல் இறங்கியது. "எம் மவ பொட்டி கட்டி வச்சிருக்கா, பிள்ள. தெனமும் அதத் தொறந்து தொறந்து மடிச்சு வைக்கா."

எனக்கு உண்மையாகவே உற்சாகம் பிறந்தது என்பதை மறைப்பானேன். இப்படி ஒரு வழக்குக்காகத்தானே படித்தேன். மணமான பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் அவளுடையதே என்று ஏறக்குறைய நூறு வருஷமாகச் சட்டம் இருக்கிறது. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் மூன்றாம் மனிதர் சொன்னார் என்று வங்கி பணத்தை நிறுத்த முடியாது. அந்த மூன்றாம் மனிதர் கணவராக இருந்தாலும்தான். இதற்கெல்லாம் மேலே ரகசியத்தைக் காப்பாற்றாத குற்றம் வேறு. மூன்று பாணங்கள் இருந்தன. மறுநாள் காலையே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் வயதானவர், மிக மரியாதைக்காரர். மரியாதைதான் தொல்லை. டீ வரவழைத்தார். என்னை 'பேட்டீ' என்றார், மகளே என்று. எனக்கு வேண்டியது வக்கீலைக் கூப்பிடும் 'கவுன்சல்' என்ற சொல். பேச்சு இங்கிலீஷில் நடந்தது.

கணவர் ஆட்சேபித்திருக்கிறார் என்றார். ஆட்சேபிக்க அவருக்கு உரிமை இல்லை என்றேன். குடும்ப விவகாரம் என்றார். கணக்கு குடும்பத்தின் பெயரில் இல்லை என்றேன். வரிசையில் மொழிபெயர்ப்பது சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். விரலால் ஒரு சொல்லைத் தொட்டார். "வழக்கம் என்று இருக்கிறதே, பேட்டீ. வங்கியின் வழக்கம் இடம் கொடுத்தால் சொல்லலாம். இந்தக் கிளையில் இதுதான் வழக்கம். நான் வருவதற்கு முன்பிருந்தே."

வழக்கம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் வழக்கை அவர் அங்கேயே முடித்துவிட்டார். டீ ஆறிப்போயிருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டேன். "கணவர் என்ன சொல்லி ஆட்சேபித்தார்? எந்த வார்த்தையில்? எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா? யாரிடம் சொன்னார்?"

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு கம்பீரம் வந்தது. "அதைச் சொல்வதற்கில்லை. மில் சம்பளம் இங்கேதான் வருகிறது. அவரும் எங்கள் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் சொன்னதை நான் எப்படி உங்களிடம் சொல்வேன்? நீங்களே இப்போதுதான் சட்டத்தைக் காட்டினீர்கள்."

வெளியே குமாஸ்தா யாரோ ஒரு நிக்கோபார்க்காரருக்கு அவருடைய இருப்பைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். வங்கிக்கு இடைக்கால உத்தரவு வாங்கலாம்.

"கோர்ட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாவளா?"

"கூப்பிடுவார்கள். டவாலி வாசலில் நின்று கூப்பிடுவார்."

"சத்தமாவா?"

"சத்தமாகத்தான், அக்கா."

"அப்ப வேண்டாம்."

ரகசியத்தைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போனால் முதலில் ரகசியத்தைக் கோர்ட்டில் கொட்ட வேண்டும். இதைச் சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது சொன்ன அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

நோட்டீஸ் அனுப்பினேன். கல்கத்தாத் தலைமை ஆபீசுக்கு விமானத் தபாலில் புகார் அனுப்பினேன். ராத்திரியும் பகலுமாகத் தட்டச்சு செய்து, நகலுக்குக் கார்பன் தாள் தீர்ந்துபோய், அப்பா ஆபீசிலிருந்து இரண்டு தாள் கடன் வாங்கி வந்தார். "உன் ரகசிய வழக்கை டைப் அடிக்கிற சத்தம் மேட்டு வீடுகளுக்கே கேட்குது" என்றார். விமானம் மழையால் வரவில்லை. கப்பல் மட்டும் குறித்தபடி மெட்ராஸிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று துறைமுக ஆபீசில் எழுதிப் போட்டார்கள். வேண்டாத நேரத்தில்தான் இந்த ஊரில் ஒன்று சரியாக நடக்கும்.

கணவரை நேரில் பார்த்துப் பேசலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. முதல் நாளே அக்கா சத்தியம் வாங்கிவிட்டார்.

"அவியகிட்டப் போயிப் பேசப்பிடாது. வக்கீல வச்சிப் பேசுதாளான்னு அதுக்கு வேற மூஞ்சியத் தூக்குவாவ. எங்களுக்குள்ள உள்ளது எங்களுக்குள்ள."

கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்ற சட்டம் வக்கீலுக்கும் உண்டு. நான் அதை மதிக்கிறேன். அதனால் ஒரு நாள் வேறு வேலையாகச் சாத்தம் பாலத்தைக் கடந்து போனபோது, மில் வாசலில் மரத்தூள் படிந்த காக்கிச் சட்டையோடு பீடி பிடித்துக்கொண்டிருந்த அவரை அடையாளம் தெரிந்தும் தாண்டிப் போனேன். கூட நின்றவர் எவரோ "அங்க பாருப்பா, ஒம் பொஞ்சாதியோட வக்கீலு" என்றார். அவர் திரும்பிப் பார்த்தார். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன். அந்தக் குடையை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

கப்பல் வந்து சாத்தத்தில் கட்டியது. சரக்கு இறக்கி, மரம் ஏற்றி, மறுநாள் மதியம் கிளம்பும். மறுநாள் வங்கிக்கு விடுமுறை, அதனால் கப்பல் வந்த அந்த நாள்தான் கடைசி. காலையிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். என்ன செய்வது என்று என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. மேனேஜர் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருப்பது என்பது மட்டும்தான்.

மேனேஜர் அறையில் யாரோ இருந்தார்கள். காத்திருங்கள் என்றான் பியூன். வரிசையில் எங்களுக்கு மூன்று நாலு பேர் பின்னால் கான்டிராக்டர் நின்றுகொண்டிருந்தார். கப்பல் நாளில் அவர் இல்லாமல் வங்கி உண்டா.

"என்னம்மா வக்கீலு, இன்னும் முடியலையா அந்தப் படிப்புச் சமாச்சாரம்?" என்றார், தலைகளுக்கு மேலாக.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன்."

"மெதுவாத்தாம்மா பேசுறேன். என் தொண்டையே இம்புட்டுத்தான்."

வரிசை சிரித்தது. நான் எதிரே சுவரைப் பார்த்தேன்.

அப்போதுதான் வாசலில் அந்தக் காக்கிச் சட்டை வந்தது. மழையில் நனைந்து மரத்தூள் எல்லாம் கஞ்சி மாதிரி ஒட்டியிருந்தது. மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். அக்கா பார்த்தார். "எதுக்கு வந்திருக்காவ பாருங்க" என்று என் கையைப் பிடித்தார். "காலையில நான் கெளம்பும்போதுகூட வாயத் தொறக்கல. இங்க வந்து மறிக்கப் போறாவ."

அவர் ஒழுங்காகப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். ஆனால் குமாஸ்தா கம்பி வழியே அவரைப் பார்த்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரரிடம் விரலைக் காட்டிச் சொன்னார். "யஹீ ஆத்மி. இஸி நே மனா கியா." இந்த ஆள்தான். இவன்தான் மறுத்தவன்.

அவர் காதில் அது விழுந்தது. தன் தீவு இந்தியில் கடைசியிலிருந்தே பதில் சொன்னார்.

"ஹாங் பாபு. ஹம் ஹீ மனு தியா. தியா நா? ஃபிர் காஹே நஹி தேதா?"

நாந்தான் கொடுத்தேன். கொடுத்தேன் இல்லையா. பிறகு ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மறுத்தவன் ஏன் தரவில்லை என்று கேட்கிறான். கான்டிராக்டர்தான் முதலில் பிடித்தார். அந்தத் தொண்டை அன்றைக்கு என்னைவிட முந்திக்கொண்டது.

"அரே பாபு, மனா நஹி. மனு. ம-னு. தமிள் மே மனு போலே தோ அர்ஜி." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவரு மனு குடுத்திருக்காரு. இந்த ஆளு மனான்னு எழுதி வச்சிருக்கான். மனு குடுத்தவனப் போயி மறுத்தவன்னு சொல்லிப்புட்டானே."

வரிசை முழுக்கச் சிரிப்பு. தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் விளக்க, அவர்கள் அடுத்த அலையாகச் சிரித்தார்கள். குமாஸ்தா முகம் சிவந்து, மனு என்றால் என்ன பாஷை என்று முணுமுணுத்தார். கணவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வரிசையே அவரை முன்னுக்குத் தள்ளிவிட்டது. கம்பிக்கு முன்னால், மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நின்று, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கே வந்து சொன்னேன்மா. எம் பொஞ்சாதி கேக்கா, கப்பல் வருது, சுருக்காக் குடுத்துருங்கன்னு மனு குடுத்தேன். வாயாலதான் குடுத்தேன். ரெண்டு வாட்டி வந்து குடுத்தேன்."

அக்கா அவரைப் பார்த்துத் திரும்பினார். "வீட்டுல சொல்லுததுக்கு என்ன? வாயில என்ன வச்சிருந்திய?"

"நீ எங்கிட்டச் சொன்னியா? பேங்குக்காரன்ட்டதான சொன்ன. நானும் பேங்குக்காரன்ட்டயே சொன்னேன்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மழைத் தண்ணீரைத் துடைப்பவர் போல.

நான் என்ன நினைத்தேன் என்றால், மனு. தினமும் நான் எழுதுகிற சொல். தூக்கத்திலும் வருகிற சொல். அந்த ஆள் எந்த வார்த்தையில் ஆட்சேபித்தார் என்று மேனேஜரிடம் கேட்டேனே, வாயால் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், டீ ஆறுமுன் வழக்கு முடிந்திருக்கும். அந்தக் கிளை தன் சரித்திரத்தில் ஒரே ஒரு ரகசியத்தைத்தான் காப்பாற்றியது. அதையும் காப்பாற்றக் கூடாத இடத்தில் காப்பாற்றியது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். விஷயத்தை நாலு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார், வருத்தம் தெரிவித்தார், எனக்கு இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பணத்தைக் கொடுக்கலாம், ஆனால் ஆட்சேபம் பதிவாகிவிட்டதால் ஆட்சேபம் இல்லை என்று கணவர் எழுதித் தர வேண்டும் என்றார்.

"இல்லாத ஆட்சேபத்தை இல்லை என்று எதற்கு எழுத வேண்டும்? அதற்கு உரிமையே இல்லாதவரிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. சட்டப்படி அது பெரிய தவறு. அப்படி ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு இந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் கையெழுத்து இல்லாமல் தன் காசை எடுக்க முடியாத வழக்கம் ஒன்று பிறந்துவிடும்.

அக்கா என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "பிள்ள. கப்பல்."

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிப் பெயருக்கு டிராஃப்ட் எடுக்கச் சொன்னேன். பணமாகக் கையில் கொண்டுபோனால் கப்பலில் யார் கண்ணிலாவது படும். டிராஃப்ட் என்றால் ஒரு தாள், துணிக்குள் மடித்து வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த ஒரு ரகசியமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். குமாஸ்தா எழுதும்போது ஆஸ்பத்திரியின் பெயரையும் தொகையையும் ஒவ்வொரு எழுத்தாக உரக்கக் கேட்டார். உரக்கச் சொன்னோம்.

என் புகாருக்குத் தலைமை ஆபீசிலிருந்து பதில் வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் தம் விவகாரத்தைத் தாமே மற்ற வாடிக்கையாளர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொண்டதாகக் கிளை தெரிவிக்கிறது. ஆகவே ரகசியம் மீறப்பட்டது என்ற கேள்வி எழவில்லை. கிளையின் வழக்கத்தில் குறையொன்றும் காணப்படவில்லை. இவ்வளவுதான். அதன் மேல் மறுபடி எழுதியிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருப்பேன்.

டிராஃப்ட் எடுத்த மறுநாள் மதியம் சாத்தம் ஜெட்டிக்குப் போனேன். மில்லின் ரம்பச் சத்தம் ஒரு பக்கம், மரத்தடிகளை ஏற்றும் கிரேன் ஒரு பக்கம், ஏணிப்படியில் தலையும் பெட்டியுமாக ஜனங்கள். அந்தப் பெண் புதுப் பாவாடை தாவணியில், தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா மில்லில் அரை நாள் லீவு போட்டிருந்தார். அம்மா கருவாட்டுப் பொட்டலத்தைப் பெட்டிக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிச் செம்பு வச்சியா?" என்றார் கணவர், கடலைப் பார்த்துக்கொண்டு.

"வச்சிருக்கு" என்றார் மனைவி, முடிச்சைப் பார்த்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் கிரேனுக்குப் பக்கத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குரல் வந்தது. கான்டிராக்டர் கையை வாயருகே குவித்து, பங்க் கிளாஸ் என்கிற மலிவு டிக்கெட் ஜனங்கள் நிற்கும் கம்பி ஓரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"மேல தமிழாளுக யாரு இருக்கீங்க? இந்தா ஏறி வருது பாருங்க, மஞ்சத் தாவணி. நம்ம மில்லுக்காரர் மக. நர்சு படிக்கப் போகுது. பெட்டியில பேங்க் டிராஃப்ட் வச்சிருக்கு. ஊரு போய்ச் சேருற வரைக்கும் பெட்டிய ஆரும் தொடாமப் பாத்துக்கங்க."

மேலே கம்பியோரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அனுப்பி விடுங்கண்ணே. எம் பக்கத்துலயே படுக்க வச்சுக்கிறேன்." இன்னும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். இந்திக்காரர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்க, யாரோ அவருக்கும் மொழிபெயர்த்தார்கள்.

நல்லெண்ணம்தான், தெரிகிறது. ஆனால் நல்லெண்ணம் உள்ளவர்கள் மட்டுமா கப்பலில் ஏறுகிறார்கள்? நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏணியடிக்குப் போய், அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னேன். இனி யார் கேட்டாலும் டிராஃப்ட் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. பெட்டியில் வைக்காதே, உடம்போடு வைத்துக்கொள். யாரிடமும் சொல்லாதே.

கப்பல் சங்கு ஊதியது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா? கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."